வலது காதுக்கு விடுப்பு இல்லை

ஒரே ஆளைப் பல மேலாளர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் மேட்ரிக்ஸ் முறைக்குக் கம்பெனி மாறியதும் வான்மதிக்கு நான்கு மேலாளர்கள். கல்யாணத்துக்கு மூன்று பேர் தங்கள் பங்குக்கு விடுப்புக் கொடுத்தார்கள். விற்பனைப் பிரிவு தனசேகர் மட்டும் மறுத்துவிட்டார். அவர் பங்கான வலது காது மணவறையிலும் இயர்போனோடு மீட்டிங்கில் இருந்தது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான்.

"இந்தக் காலாண்டுல நமக்கு..." என்று காதுக்குள் தொடங்கினார் தனசேகர். அடுத்த வார்த்தை என்னவென்று வான்மதிக்குத் தெரியும். தாலி ஏறும் நேரத்தில் அது காதில் விழக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

தவில் அதிர்ந்தது. தனசேகர் பேச்சை நிறுத்திவிட்டு மீட்டிங்கில் இருந்த மற்றவர்களை அடக்கினார்.

"தாலி கட்டுறாங்க. யாரும் வாயத் திறக்காதீங்க."

மூன்று முடிச்சும் விழுந்து மேளம் ஓய்ந்த பிறகுதான் அவர் குரல் மெதுவாக வந்தது.

"நல்லா இரும்மா. இப்ப நஷ்டத்தச் சொல்லலாமா?"