நியூஜெர்சி நாடோடி

'நியூஜெர்சியில் காலையிலிருந்து பனி கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் மூக்கு உறைந்துவிடும்' என்று தட்டிவிட்டு, வைத்திலிங்கம் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அன்று திறந்திருந்த ஒரே பிரவுசிங் சென்டர் அது. 'தானே' புயல் அடித்துப் போன பிறகு கடலூரில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் புகை உள்ளே வந்தது. செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவர்கள் அவர் முதுகை இடித்துக்கொண்டு நின்றார்கள்.

வைத்திலிங்கம் ஒரு வக்கீல் குமாஸ்தா. கடலூர்க்காரராகவே வலைப்பூ எழுதியபோது ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. 'நியூஜெர்சி நாடோடி' என்று பெயரை மாற்றினார். அதே இலவச மிக்சி அரசியல், அதே கோர்ட்டுத் தீர்ப்பு, அதே புதுப்பட நக்கல்தான். ஆனால் பின்னூட்டம் குவிந்தது.

பதிவை ஏற்றுவதற்கு முன் மெயிலைத் திறந்தார். ராபர்ட் எழுதியிருந்தார். துபாயில் இருக்கும் வாசகர். எதை எழுதினாலும் முதல் ஆளாக வந்து சண்டை பிடிப்பவர். இன்று சண்டை இல்லை.

'சார், நாலஞ்சு நாளா என்னால நெட் பக்கமே வர முடியல. எங்கம்மா ஆரோக்கியம்மாள் கடலூர் முதுநகர்ல தனியா இருக்காங்க. சர்ச்சுக்குப் பின்னாடி ஓட்டு வீடு. உங்களுக்குக் கடலூர்ல சொந்தக்காரங்க இருக்கிறதா ஒருதடவ எழுதியிருந்தீங்க. யாரையாவது போய்ப் பாக்கச் சொல்ல முடியுமா? என்னால அங்க போக முடியாது சார்.'

வைத்திலிங்கம் பனி கொட்டும் வரியைப் பார்த்தார். அழித்தார். எழுந்துவிட்டார்.

வண்டியில் பெட்ரோல் இல்லை. பங்க்குகளும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு கெடிலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓட்டியதைவிட சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் ஜாஸ்தி.

ஏதாவது ஆகியிருந்தால் அந்த ராபர்ட்டிடம் எப்படிச் சொல்வது? யாராக இருந்து சொல்வது? சொந்தக்காரன் போய்ப் பார்த்தான் என்றா?

சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டு வீடு இருந்தது. அதன் நடுவில் ஒரு தென்னை மரம் படுத்திருந்தது. உள்ளே கட்டில் மேல் ஓடுகள் குவிந்து, வானம் தெரிந்தது.

"அம்மா! ஆரோக்கியம்மா!"

சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஓடுகளை இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே எறிந்தார்.

"யாருய்யா அது? அந்த வீட்டுல யாரும் இல்ல" என்றாள் எதிர்வீட்டு இருசம்மாள்.

அவர் கையிலிருந்த ஓட்டைக் கீழே போட்டார். "இல்லன்னா?"

"சர்ச்சு ஹால்ல போய்ப் பாருய்யா. அங்கதான் எல்லாருக்கும் சோறு பொங்கிக்கிட்டு இருக்கு அது."

ஹாலில் பெரிய அண்டாவின் முன்னால் நெற்றியில் பிளாஸ்திரியோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள்.

"ஆரோக்கியம்மாள்ங்கிறது…"

"நான்தான். தட்டு இருந்தா எடுத்துக்கிட்டு வரிசையில நில்லு."

"சாப்பிட வரலம்மா. உங்க மவன் ராபர்ட் பாத்துட்டு வரச் சொன்னாரு."

கிளறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "யாரு?"

"ராபர்ட்டும்மா. துபாய்லேருந்து மெயில் போட்டிருக்காரு. உங்களுக்கு என்ன ஆச்சோன்னு தவியா தவிக்கிறாரு."

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்திலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

"நான் அமெரிக்காவுல இருக்கேன்னு அவரு நம்பிக்கிட்டு இருக்காரும்மா. நான் இங்கதான், மஞ்சக்குப்பத்துல இருக்கேன். பொய் சொல்லிட்டேன். இன்னிக்கே அவருகிட்ட உண்மைய எழுதிடுறேன். கடல் தாண்டிக் கெடக்குற மனுஷன், பாவம்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நான் உசுரோட இருக்கேனான்னு அவனா கேட்டான்?"

"ஆமாம்மா."

கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு இந்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்து நின்னான். இனிமே இந்த வாசப்படி மிதிச்சா நீ என் பொணத்தத்தான் பாப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேன். வருஷம் ஆவுது. ஒரு போனு கெடையாது."

"அந்தக் கோவத்துலதான் துபாய்க்குப் போயிட்டாராம்மா?"

ஆரோக்கியம்மாள் ஹாலின் மூலையில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"துபாயா? அவன் இங்க சிதம்பரத்துலதான் இருக்கான்… பஸ்சு ஓடுதா தம்பி?"