காலி சீட்டு

சேவியர் சார் ஒரு பழைய போர் விமானத்தின் மாடலைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அடுத்தது நீதான். உன்னை சீட்ல உட்கார வெச்சிட்டுத்தான் விமானத்தோட ரெண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுவாரு" என்றது பசை டியூப்.

நகம் அளவே இருந்த பிளாஸ்டிக் விமானி பசை டியூபின் பின்னால் ஒதுங்கினான். "அண்ணே, இது சண்டைக்குப் போற விமானம். சுட்டுத் தள்ளிடுவாங்க!"

இடுக்கி நெருங்கியதும் துள்ளி விழுந்து மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டான். சார் தவழ்ந்து தேடினார். கிடைக்கவில்லை. காலி சீட்டோடு இரண்டு பாதியையும் ஒட்டி, விமானத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

விமானி மேஜைக்கடியிலிருந்து கேட்டான்: "அண்ணே, சண்டைக்கு எப்பக் கிளம்புது?"

"சண்டையா? அது பறக்கவே பறக்காதுடா, அலமாரியில நிக்கறதுக்குச் செஞ்சது" என்ற பசையின் குரல் சட்டென்று மாறியது. "தம்பி, துடைப்பம் வருது!"