பசையண்ணன்

காகிதம் கிழிந்து வந்துவிட்டது. பசைதான் வரமாட்டேன் என்றது.

காரின் முன் கண்ணாடியில், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக, ஒரு முழுத் தாளின் அளவுக்கு வெள்ளைத் திட்டுகள். வழிந்த பசை பானட்டின் மேலும் இறங்கிக் காய்ந்து கிடந்தது. காவலாளி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் விளிம்பால் சுரண்டினார். மாடி ஜன்னலை ஒருதரம் பார்த்தார். மறுபடி சுரண்டினார்.

மேலே ஆபரேஷன் தியேட்டரில் அவருடைய மகள் கிடக்கிறாள். தலைப்பிரசவம். குழந்தை வந்துவிட்டது, ரத்தம்தான் நிற்கவில்லை.

கத்தியைப் பிடித்திருப்பவர் இந்தக் காரின் சொந்தக்காரர். அவர் கீழே இறங்கி வருவதற்குள் இது போயாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் காவலாளியைப் பசையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் எவன் வண்டியை விட்டாலும், அவன் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும், கண்ணாடியில் தாள் ஒட்டிவிடுவார். வெறும் மைதா பசை என்றால் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பசையையும் அவராகவே அதில் கலந்து வைத்திருந்தார். ஒரு தடவை உரித்துப் பார்த்தவன் மறு தடவை அங்கே நிறுத்த மாட்டான். அந்தக் கலவையில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

விடியும் முன்னே இந்தக் கார் வாசலில் குறுக்கே நின்றது. ஒரு சக்கரம் நடைபாதை மேல். கதவைக்கூட ஒழுங்காகச் சாத்தவில்லை. என்ன திமிர் பார் என்று வயிறு எரிந்து, வழக்கத்தைவிட அள்ளிப் பூசினார்.

நன்றாக விடிந்த பிறகுதான் மனைவி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"என்னங்க, பொண்ணுக்கு திடீர்னு வலி வந்துடுச்சு, பின்வாசல் வழியா கொண்டாந்தோம். ரத்தம் நிக்கலையாம். பெரிய டாக்டரே வந்து பாத்துட்டு இருக்கார்."

எந்தப் பெரிய டாக்டர் என்று இவர் கேட்க, பக்கத்தில் நின்ற லிஃப்ட்காரர் காரைக் காட்டினார்.

"போச்சு போங்க, பசையண்ணே! ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டுவீங்க, இன்னிக்கு உங்க சீட்டு கிழியப் போகுது."

வேலை கிடக்கிறது கழுதை, போனால் போகட்டும். மகளின் உயிரல்லவா அந்த மனிதர் கையில் இருக்கிறது? அவருடைய வயிற்றெரிச்சலைப் போய்க் கொட்டிக்கொள்ளலாமா? நாளைக்கும் அவர்தானே வந்து பார்க்க வேண்டும்? மனைவி கூப்பிடக் கூப்பிட மேலே போகாமல், இங்கே நின்று கார் துடைக்கிற அப்பனை என்னவென்று சொல்வது!

ஒட்டியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் இன்னும் அழுத்திச் சுரண்டினார்.

கேன்டீன் வெந்நீருக்கு மைதா இளகியது. தச்சர் பசை பால் மாதிரி வெளுத்ததோடு சரி. நர்ஸ் ஒருத்தி பஞ்சில் நனைத்துக் கொடுத்த ஸ்பிரிட்டுக்குக் கண்ணாடியில் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. பானட்டில் அதை வைக்கப் பயம், பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடும். அங்கே தேங்காய் எண்ணெயைத் தடவி ஊற விட்டார். ஊறும்வரை பொறுக்க மனம் எங்கே இருக்கிறது? தேய்த்தாலோ புதுக் காரில் கீறல் விழும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிடப் போகிறது என்று கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

லிஃப்ட் மணி அடித்தபோதெல்லாம் திரும்பிப் பார்த்தார்.

ஓரத்தில் ஒரே ஒரு திட்டு மிச்சமிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

பச்சை உடுப்பு. தலையில் கழற்றாத தொப்பி. பெரிய டாக்டரேதான்.

காவலாளி கைக்குட்டையோடு ஒதுங்கி நின்றார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வேண்டும்.

டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். எண்ணெய்க் கைக்குட்டையைப் பார்த்தார். திட்டவில்லை.

"ஒட்டினது நியாயம்தான், பெரியவரே. தப்பு என்மேலதான். உள்ளே ஒரு பொண்ணுக்கு ரத்தம் கொட்டுதுன்னு போன் வந்துச்சு. வண்டியைப் பாத்து நிறுத்த நேரமில்ல."

"சார்... அவ என் பொண்ணு சார்."

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

"பொழைச்சுட்டா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க, போய்ப் பாருங்க. ஆனா மயிரிழைதான். வாசல்ல எவனோ ஒருத்தன், இருட்டுல மூஞ்சிகூடத் தெரியல, வண்டியை எடுத்தாத்தான் விடுவேன்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டான். உதறிட்டு ஓடினேன். அவன் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தான்னா, இப்ப உங்ககிட்ட நான் வேற சேதி சொல்லிட்டு இருப்பேன்."

காவலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

மாடி வராந்தாவில் மனைவி, அழுத முகம் இன்னும் காயாமல், துணியில் சுற்றிய பேத்தியை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஐயே, கையெல்லாம் பிசுபிசுன்னு! போய்க் கழுவிட்டு வந்து வாங்குங்க" என்று சிரித்தாள் அவள்.

கழுவப் போனார். முதல் சோப்பிலேயே பசையும் எண்ணெயும் போய்விட்டன. வலது கையை மட்டும் அவர் இன்னும் கழுவிக்கொண்டிருந்தார்.