மாமியார் கொடுத்த ரோஜா

ராத்திரி உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்னதும், கணவர் தோட்டத்துச் செடிகளுக்கெல்லாம் பழைய போர்வைகளைப் போர்த்தினார். ஒரு தொட்டியை மட்டும் விட்டுவிட்டார்.

"எங்கம்மா குடுத்த ரோஜாவ மட்டும் ஏன் விட்டீங்க?" மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அது எந்தப் பனியையும் தாங்கும்."

"எங்க வீட்டுலேர்ந்து வந்ததுன்னாலே உங்களுக்கு இளக்காரம்."

"அப்படி இல்லம்மா..." அவர் மென்று விழுங்கினார். "போன வருஷம் மூட மறந்துட்டேன். கருகிப் போச்சு. இது பிளாஸ்டிக்."

"தெரியும். இத்தனை நாளா அதுக்குத் தூசி தட்டுறது யாருன்னு நெனச்சீங்க?"

அவள் தன் சால்வையைக் கழற்றி ரோஜாவுக்குப் போர்த்தினாள்.

"காலையில அம்மா வர்றாங்க. அவங்க பாக்குற மாதிரி தண்ணியும் ஊத்திடுங்க."