ஜோடிக்கு ஓர் ஆண் மீன்

"ஏமாத்துறதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலையா பாய்?"

அண்ணாதுரை பிளாஸ்டிக் வாளியை வளர்ப்பு மீன் கடையின் மேசை மேல் வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பி சைபுல்லாவின் சட்டையை நனைத்தது. உள்ளே நீலப் புள்ளி போட்ட இரண்டு சிக்லிட் மீன்கள் மிரண்டு சுற்றின.

"உக்காருங்கண்ணே. என்னன்னு சொல்லுங்க."

"உக்கார வரல. அஞ்சு மாசம் முன்னாடி ஜோடின்னு சொல்லித்தானே குடுத்தே? ரெண்டும் பொட்டை!"

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக் கூச்சலையும் மீறிக் கேட்டது அவர் சத்தம். பக்கத்து செல்போன் கடைக்காரர் ஆண்டவர் எட்டிப் பார்த்தார்.

"பொட்டைன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? மீசை முளைக்கலையா?"

"நக்கல் பண்ணாதய்யா! ரெண்டு நாளா போன்ல வீடியோவாப் பார்த்திருக்கேன். முட்டை போடுற சமயத்துல அடிவயித்துல குழாய் மாதிரி ஒண்ணு நீட்டும். ஊசியா இருந்தா ஆண், மழுங்கலா இருந்தா பெண். இதுங்க ரெண்டுக்கும் மழுங்கல். போன வாரம் ரெண்டும் ஒரே கல்லு மேல முட்டை போட்டுச்சு. மூணாம் நாள் அத்தனையும் கரு பிடிக்காம வெள்ளை பூத்துப்போச்சு."

சைபுல்லா வாளிக்குள் பார்த்தார்.

"வேப்பந்தட்டையில வந்து கேட்டுப் பாரு. முப்பது வருசம் வெங்காய யாவாரம். மூட்டையை மோந்து பார்த்தே உள்ள அழுகல் இருக்கான்னு சொல்லுவேன். என்கிட்டயேவா?"

ஆண்டவர் மெல்லத் தன் கடைக்குள் நகர்ந்துகொண்டார்.

இத்தனை கோபமும் மீன் மேல்தானா என்று யாராவது கேட்டிருந்தால் அண்ணாதுரைக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மகள் சிந்து புருஷனோடு சண்டை என்று வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சண்டை இல்லாத வீடு எது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மீன் வளர்த்தால் மனசு லேசாகும் என்று யாரோ சொன்னார்கள். ஜோடியாக வாங்கியது மட்டும் அவருடைய யோசனை. ஜோடியைப் பார்க்கப் பார்க்கப் புருஷன் நினைப்பு வந்துவிடும் என்று நம்பினார்.

முட்டையைக் கண்ட அன்றே, நல்ல சகுனம் என்று அரியலூர்ச் சம்பந்திக்குப் போன் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணை அழைத்துப் போகச் சொல்லி வாக்கும் கொடுத்துவிட்டார். சிந்து வாயைத் திறக்கவில்லை. மனைவி வளர்மதிதான் வெளுத்துப்போன முட்டைகளைக் காட்டி, "சகுனமே சரியில்லையே, கொஞ்சம் பொறுங்களேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு பாய். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தத் தொட்டியில ஆண் மீன் நீந்தணும். இதுல ஒண்ணை வச்சுக்கிட்டு ஒரு ஆணைக் குடு."

"வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்கண்ணே. அந்தத் தொட்டிக்கு மட்டும் ஆண் மீன் கேக்காதீங்க."

"ஏன், கடையில இல்லியா?"

"இருக்கு. தரமாட்டேன்."

அவ்வளவுதான். அண்ணாதுரைக்கு ரத்தம் தலைக்கேறியது. வாசலில் போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு அதுவும் வேண்டியிருந்தது.

"நல்லா பாத்துக்குங்கய்யா, இவன்தான் பொட்டையை ஆணுன்னு விக்கிறவன்! கேட்டா மாத்தித் தரமாட்டானாம்! அஞ்சு வேளை தொழுவுற மனுசன் பண்ற வேலையாய்யா இது?"

சைபுல்லாவின் முகம் சுண்டிவிட்டது. மேசையைச் சுற்றி வெளியே வந்தவர் நேரே போய், வேடிக்கை பார்த்தவர்கள் முன்னாலேயே கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"வாக்குக் குடுத்திருந்தேண்ணே. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தொழுகை வரைக்கும் இழுத்துட்டீங்க, இனிமே சொல்லித்தான் ஆகணும். நான் ஆணும் பொண்ணுமாத்தான் குடுத்தேன். பதினஞ்சாம் நாளு உங்க பொண்ணு ஒரு வாளியைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்துச்சு. ஆணைக் குடுத்துட்டு, அதே அளவுல ஒரு பொட்டையை வாங்கிக்கிட்டுப் போச்சு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"சிந்துவா? எதுக்கு?"

"அந்த ஆணு வாளியில இருக்கிற இந்தப் பழைய பொட்டையைப் போட்டு அடிச்சிருக்குண்ணே. வாலு கிழிஞ்சு, செதிலு பேந்து, தொட்டி மோட்டாருக்குப் பின்னால ஒண்டிக்கிட்டே கிடந்துச்சாம். 'எங்க ஓடினாலும் அதே நாலு கண்ணாடிதானே பாய்'னுச்சு."

அண்ணாதுரை வாளியைப் பார்த்தார்.

"நானும் யாவாரிதானே. வித்ததைத் திருப்பி வாங்க மனசு வரல. 'ஆணுன்னா ஆரம்பத்துல அப்படித்தாம்மா அடிக்கும், போகப் போகச் சரியாயிடும், கொஞ்சம் பொறுத்துப் பாரு'ன்னேன்."

சைபுல்லாவின் குரல் தாழ்ந்தது.

"'எங்கப்பாவும் இதையேதான் சொல்றாரு'ன்னுச்சுண்ணே."