கட்டிலுக்குக் கீழே நண்டுக் கோது

“ஆர் இந்த நண்டைத் திண்டது?”

தாதி ஹுஸ்னியா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலுக்குக் கீழிருந்து அவள் இழுத்தெடுத்த பைக்குள், குழம்பு ஒட்டிய நண்டுக் கோதுகள்.

கட்டிலில் கிடந்தவர் சல்லிக் கடற்கரை ஊர்த் தங்கத்துரை. புற்றுநோய் என்று இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் ஆறும்வரை வாயால் பச்சைத் தண்ணீரும் இல்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகச் சத்துப்பால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை முதன்முதலாக ஒரு மிடறு தண்ணீர் தருவதாக டொக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மிடறை நினைத்துத்தான் மனிதர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“நான்தான் திண்டனான்,” என்றார் தங்கத்துரை.

ஹுஸ்னியா பையைக் கீழே போட்டாள். “என்ன ஐயா, விளையாடுறீங்களா? தையல் விட்டுதெண்டா உசிருக்கே மோசம்!”

“போனால் போகட்டும் மிஸி. கடற்காத்தில வளந்த வாய் இது. உங்கட குழாய்க்கு நண்டின்ர ருசி தெரியுமே? எழுதுங்கோ, தங்கத்துரை நண்டு திண்டவன் எண்டு!”

பார்க்க வந்திருந்த அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அட பாவி! நீ வாயால சாப்பிடுமட்டும் மீன் மச்சம் தொடமாட்டன் எண்டு அம்மனுக்கு நேர்த்தி வைச்சிட்டு, உன்ர பெண்சாதி வெறும் சோறும் கீரையுமாக் காயிறாள். நீ அவளுக்கு ஒளிச்சு நண்டு திண்டிருக்கிறாய்!”

“திண்டனான்தான். என்ன செய்யப்போறியள்?”

பக்கத்தில் நின்ற மனைவி கோணேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். இந்த மனுசனுக்கு இப்படியொரு மனைவியா என்று ஹுஸ்னியாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரே போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நல்லகாலம், ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை.

“உங்களை நம்ப ஏலாது. நாளைக்குத் தண்ணி இல்லை. இன்னும் ஒரு கிழமைக்கு வாயால ஒண்டும் தரமாட்டம்.”

தங்கத்துரை வெடித்துக் கிடந்த உதட்டை நாக்கால் தடவினார். நாக்கு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பிறகு நாடியை நிமிர்த்தினார்.

“ஒரு கிழமை என்ன, ஒரு மாசமெண்டாலும் கிடப்பன்!”

டொக்டர் போய்விட்டார். அக்காவும் திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினாள். சத்துப்பால் பை மாற்ற வந்த ஹுஸ்னியா, கட்டிலைச் சுற்றி இழுத்திருந்த திரையை விலக்கக் கையை வைத்தாள். உள்ளே தங்கத்துரையின் குரல் மெல்லக் கேட்டது.

“அழாதை கோணேசு. நண்டு எண்டால் நீ தாங்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியாதே? அடுத்தமுறை திண்டிட்டுக் கோதைக் கட்டிலுக்குக் கீழ வையாதை, வெளியில கொண்டுபோய் எறி. அக்கா உன்னை விரதக்காரி எண்டு ஊர் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறா.”