அட்டைப்படத்து வீரர்

ஆயர் தாவாரில், மாரியம்மா வீட்டு வாசலிலேயே என் அண்ணன் சதாசிவம் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

இருபத்தொரு வருடம் மலேசிய ராணுவத்தில் இருந்தவர். சண்டை எதையும் பார்த்ததில்லை. கிடங்கில் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தார். பிறகு கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையின் காவலர்களை மிரட்டினார். ஓய்வுபெற்ற பின் மிரட்ட ஆள் இல்லாததால் வம்ச வரலாறு எழுதுகிறார்.

ஐந்து தலைமுறை. அத்தனையும் ஆண்கள். கூடப் பிறந்த நான் அதில் இல்லை. பெண்கள் இன்னொரு வீட்டு மரத்தில் காய்ப்பவர்களாம். ஆனால் கார் ஓட்ட மட்டும் நான் வேண்டும்; அவருக்குக் கண்ணில் புரை.

அட்டைக்கு, அப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய படம். காக்கி உடுப்பு, ஒட்ட வெட்டிய முடி, தோளில் துப்பாக்கி. கீழே, 'நேதாஜி படையில் என் தந்தை.'

அப்பாவோடு கோப்பெங் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களில் மிச்சம் இருப்பது மாரியம்மா மட்டும்தான். தொண்ணூற்றேழு வயது. ஆமாம் என்று அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்ய வேண்டும்; அவ்வளவுதான் வேலை.

மாரியம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது ஒங்கப்பா இல்லலா தம்பி. ஒங்க அத்தை செல்லாயி. நேதாஜியோட பொம்பளைங்க படையில சேந்தப்ப எனக்கும் அவளுக்கும் ஒரே நாள்லதான் முடி வெட்டுனாங்க."

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் காய்ச்சலில் இறந்துபோனாராம்.

அப்பா? படைக்கு ஆள் சேர்க்க வந்த அன்று, ரப்பர் சீட்டு காயவைக்கும் புகைவீட்டுக்குள் ஒளிந்திருந்தாராம்.

அண்ணன் பதிவை அழித்தார். காரில் ஏறியதும், கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் வெளியீட்டு விழா. அட்டை மாறவில்லை. நான் அவரிடம் கேட்காமலே மாரியம்மாவை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். அண்ணன் கடைசிவரை மைக்கை அந்தப் பக்கம் விடவில்லை.

மேடைத் திரையில் அட்டைப்படம் பெரிதாகத் தெரிந்தது.

மாரியம்மா என் தோளைப் பற்றி எழுந்தார். கூன் விழுந்த முதுகு முடிந்த மட்டும் நிமிர்ந்தது. விறைப்பாகக் கை நெற்றிக்குப் போனது.

மண்டபம் கைதட்டியது.

மேடையில் நின்ற அண்ணன், தனக்குத்தான் என்று நினைத்து, பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.